பொருள் இருக்கும் இடத்திற்கே

கோலாலம்பூரில் ஒரு சிறு நிறுவனத்தின் முகப்பிலே, 2015-ஆம் ஆண்டில் ஒரு மாதத்தின் முதல் நாளன்று, இளைஞர் ஒருவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுடன் நெடுநேரம் நின்றிருந்தார். இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து கடல் கடந்து வந்து, தொழிற்சாலை ஒன்றில் உழைப்பவர் அவர். முந்தின நாள் மாலை, சம்பளம் கைக்கு வந்த சூட்டோடு, 200 ரிங்கிட்டைத் தம் கணக்கிலே கட்டியதாகச் சீட்டுச் சொல்லிற்று. அப்படி ஒரு தொகை வரவே இல்லை என்று கணினி சொல்லிற்று. முகப்பில் அமர்ந்திருந்தவர் கணினியையே நம்பினார். "இயந்திரம் பொய் சொல்லாது, தம்பி. நன்றாக நினைத்துப் பாருங்கள்" என்றார். இளைஞர் வாதாடவில்லை; இடத்தை விட்டு நகரவும் இல்லை.

அவ்வழியே வந்த அம்மையார் ஒருவர் இதனைக் கண்டார். அந்நிறுவனத்தின் கணக்கு நிரல்களை எழுதுவோருள் அவரும் ஒருவர். கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்து, இந்நிலைக்கு வந்தவர். சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எண் இருந்தது, நேரம் இருந்தது, முத்திரையும் இருந்தது.

"அக்கா, காசு சின்னதுதான். ஆனால் போட்டது போட்டதுதானே?" என்றார் இளைஞர்.

அந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்கு அம்மையாருக்கு மூன்று வாரங்கள் ஆயின.

அந்நிறுவனத்தின் வேலை இதுதான்: வெளிநாட்டுத் தொழிலாளர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கிலே போட்டு வைப்பர், ஓர் அட்டையைக் காட்டிக் கடைகளில் அரிசியும் பருப்பும் வாங்குவர், மிச்சத்தை ஊருக்கு அனுப்புவர். கணக்குகள் ஏறத்தாழ 60,000. ஒவ்வொரு முறையும் வட்டிலே தேடிக் கணக்கை எடுப்பதென்றால் கடையில் நிற்பவர் காத்துக் கிடக்க நேரும். ஆகவே, அடிக்கடி வேண்டப்படும் தரவுகளை எல்லாம் கணினியின் விரைவு நினைவகத்திலேயே வைத்திருந்தனர். கேஷ் என்று தொழில் வட்டாரத்தார் வழங்குவது இதனைத்தான். ஒரு கணினியின் நினைவகம் அத்தனை கணக்கிற்கும் போதாதாகையால், எட்டுக் கணினிகளுக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தனர். கணக்கு எண்ணைக் கொண்டு ஒரு சிறு கணிப்புச் செய்தால், அக்கணக்கு எந்தக் கணினியில் குடியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மாற்றுப்படி ஒன்றும் வேறொரு கணினியில் இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும்.

இதுவரை ஏற்பாட்டில் குறை சொல்வதற்கில்லை. குறை இருந்தது மாதக் கடைசியில் ஓடும் ஒரு நிரலில். அம்மாதம் முழுதும் கடையில் வாங்கிய பொருளுக்கேற்ப ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு சலுகைத் தொகை வரவு வைப்பது அதன் கடமை. அதற்காக அந்நிரல், தனியே ஒரு கணினியில் அமர்ந்துகொண்டு, எட்டுக் கணினிகளிலிருந்தும் 500, 500 கணக்குகளாகத் தன்னிடம் வரவழைத்தது. வரவு செலவுப் பட்டியலைப் படித்துக் கூட்டிற்று. சலுகையைச் சேர்த்தது. பிறகு முழுக் கணக்கையும் பழைய இடத்திற்கே திருப்பி அனுப்பியது.

போய் வருவதற்கு ஆனது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளில்தான் 200 ரிங்கிட் மறைந்தது.

நடந்ததை அம்மையார் ஒரு தாளிலே படிப்படியாக எழுதிப் பார்த்தார். இளைஞரின் இருப்பு 640 ரிங்கிட். மாதக் கடைசி நிரல் அந்தக் கணக்கை எடுத்துச் சென்றது. எடுத்துச் சென்றது மூலம் அன்று. மூலத்தைப் போன்ற ஒரு படிதான். மூலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போது இளைஞர் முகப்பிலே 200 ரிங்கிட்டைக் கட்டினார்; மூலத்தில் 840 என்று பதிவாயிற்று. மறுகணம் நிரல் தான் எடுத்துச் சென்ற பழைய 640-உடன் சலுகை 30-ஐக் கூட்டி, 670 என்று எழுதிய கணக்கைக் கொண்டுவந்து மூலத்தின்மேல் வைத்தது. 840 அழிந்தது. அதனுடன் 200 கட்டியதற்கான வரியும் பட்டியலிலிருந்து அழிந்தது. 870 இருந்திருக்க வேண்டிய இடத்தில் 670 நின்றது. அதன்பின் வட்டிலே பதிவானதும் அதுவே. இயந்திரம் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிற்று. மெய் அதன் கையாலேயே துடைக்கப்பட்டிருந்தது.

இது புதிய பிழையன்று. தரவுத்தளம் பற்றிய பாடநூல்களில் தொலைந்த பதிவு என்னும் பெயரில் நெடுங்காலமாக எடுத்துக்காட்டப்படும் பிழைதான். சம்பள நாளும் மாதக் கடைசியும் ஒன்றாகவே வரும் என்பதை நிரல் எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை. பணம் மிகுதியாகக் கட்டப்படும் அதே மாலைப்பொழுதில், அதே கணக்குகளை எடுத்துக்கொண்டு நிரலும் ஊர்வலம் புறப்பட்டது. மோதாமல் என்ன செய்யும்?

முதலில் தோன்றிய மருந்து பூட்டு. கணக்கை எடுக்குமுன் அதனைப் பூட்டிவிட வேண்டும். வேலை முடித்து வைத்தபின் திறந்துவிட வேண்டும். பூட்டியிருக்கும்போது வேறெவரும் தொட முடியாது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூட்டுவதற்கு ஒரு பயணம், எடுப்பதற்கு ஒரு பயணம், வைப்பதற்கு ஒரு பயணம், திறப்பதற்கு ஒரு பயணம் என ஒரு கணக்கிற்கு நான்கு பயணங்கள் வேண்டியிருந்தன.

பயணம் என்பது கணினி உலகில் எத்துணைப் பெரிய செலவு என்பதை எண்களே உணர்த்தும். ஒரு கணினி தன் நினைவகத்தில் உள்ள ஒன்றை எட்டிப் பார்க்க ஆகும் நேரம் ஏறத்தாழ 100 நானோநொடி. ஒரே கட்டடத்திற்குள் இன்னொரு கணினிக்குச் சென்று மீள ஏறத்தாழ அரை மில்லிநொடி, அதாவது 5,00,000 நானோநொடி. இரண்டுக்கும் இடையே 5,000 மடங்கு வேறுபாடு. மேசை மேலிருக்கும் தாளை ஒரு நொடியில் கையில் எடுப்பவர், அதே தாளுக்காக ஒன்றேகால் மணி நேரத்திற்கு மேல் நடந்து வருவதைப் போன்றது அது.

பூட்டுப் போட்டுச் சோதித்தபோது, 12 நிமிடத்தில் முடிந்த வேலை 40 நிமிடத்தையும் தாண்டியது. போதாக்குறைக்கு, இடையிலே அந்தத் தனிக் கணினி சற்றுத் தயங்கி நின்றால், பூட்டிய கணக்குகள் பூட்டியபடியே கிடந்தன. அவ்வேளையில் கடையில் அரிசி மூட்டையோடு நிற்பவரின் அட்டை செல்லாது. ஒருவரின் பணத்தைக் காப்பாற்ற இன்னொருவரைக் கடை வாசலில் தலைகுனிய வைப்பதா? அம்மையார் அந்த மருந்தைக் கைவிட்டார்.

அவ்வார இறுதியில் அவர் தந்தையாரைக் காணச் சுங்கைப் பட்டாணிக்குச் சென்றார். பெரியவர் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். தோட்டமும் இப்போது இல்லை. அங்கே வீடுகள் எழுந்துவிட்டன. மகளின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டார். அம்மையார் கணினியைப் பற்றிய சொற்களை எல்லாம் விலக்கி, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

பெரியவர் சிரித்தார். "ஏம்மா, பாலைப் பட்டணத்திற்கா ஏற்றினீர்கள்?" என்றார்.

தோட்டத்தார்க்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். வெயில் ஏற ஏறப் பால் தானாகவே உறையத் தொடங்கிவிடும். ஆதலால்தான் தோட்டத்திற்குள்ளேயே ஸ்டோரைக் கட்டினார்கள். காலையில் வெட்டிய பாலை அங்கேயே வடிகட்டி, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்தி, அதன்பின்தான் லோரியில் ஏற்றினார்கள். தண்ணீரைச் சுமப்பதற்கு எவரும் வண்டி பிடிப்பதில்லை. மூன்று மாத வரவு செலவுப் பட்டியல் முழுவதையும் வலைப்பின்னல் வழியே இழுத்துவந்து, அதிலிருந்து 30 என்னும் ஓர் எண்ணை வடித்தெடுத்த தம் நிரலை நினைத்து அம்மையார் நாணினார்.

ஆயினும் பெரியவர் அடுத்துச் சொன்னதே மேலான சொல். "எடையை ஆள் முன்னால்தான் போடவேண்டும், அம்மா. வரிசையாக நிற்பார்கள். ஒருவர் பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை முக்கிப் பார்த்து, துண்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் வாளி. பாலை உள்ளே தூக்கிக்கொண்டு போய், பிறகு வந்து கணக்குச் சொன்னால் எவர் ஒப்புவார்?"

விரைவு ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்த அம்மையாருக்கு அப்போது ஓர் உண்மை விளங்கியது. பொருள் இருக்கும் இடத்திலேயே வேலையைச் செய்வதனால் பயணம் குறைவது ஒரு நன்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய நன்மை, ஒரே இடத்தில், ஒருவர் பின் ஒருவராக வேலை நடப்பதால் இடையிலே எதுவும் தொலைவதற்கு வழியில்லாமற் போவதே.

இவ்வெண்ணம் கணினி வல்லார்க்கு முன்பே தோன்றியதுதான். அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே, தரவுத்தளத் துறையில் ஆற்றிய பணிக்காக 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றவர். வானத்தை அளந்து படமெடுத்த ஸ்லோன் ஆய்வுத் திட்டத்தின் தரவுகளை 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வானியலாருடன் சேர்ந்து உழைத்தவர் அவர். அத்தரவுக் குவியலை ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் தம் ஊருக்கு இறக்கிக்கொள்வதென்றால் அக்கால வலைப்பின்னலில் மாளாத வேலை. ஆகவே, தரவைக் கேள்வியிடம் அனுப்பாமல், கேள்வியைத் தரவிடம் அனுப்பும்படி அத்தளத்தை அமைத்தனர். வந்தது விடை மட்டுமே. பெருந்தரவுகளை வலைப்பின்னல் வழியே நகர்த்துவதைவிட வட்டுகளையும் கணினிகளையும் அஞ்சலில் அனுப்புவதே மலிவு என்று கண்டு, அவ்வாறே அனுப்பியவர் அவர். கணிப்பைத் தரவின் அருகிலேயே வைக்க வேண்டும் என்பதை 2003-இல் ஒரு கட்டுரையில் செலவுக் கணக்குடன் நிறுவினார். 2007-ஆம் ஆண்டு சனவரியில், தாயாரின் அஸ்தியைக் கரைப்பதற்காகச் சான் பிரான்சிஸ்கோ கரையிலிருந்து தனியே பாய்மரப் படகில் சென்றவர் மீளவே இல்லை. அவர் கருத்து மட்டும் கரையேறி ஊர் ஊராகப் பரவியது.

2004-இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் ஆகிய இருவரும் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் முறையிலும் இதுவே கையாளப்பட்டது. கோப்பின் படி எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்தக் கணினியிலேயே வேலையைக் கொடுக்க அம்முறை முயலும். விரைவு நினைவகங்களுக்கும் இவ்வழக்கம் வந்தது. ஜாவா மொழிக்கான கேஷ் விதிமுறை 2001-இல் முன்மொழியப்பட்டு, 2014-இல்தான் இறுதியாயிற்று. அதிலே, ஒரு பதிவு இருக்கும் இடத்திற்கே சிறு வேலையொன்றை அனுப்பிச் செய்விக்கும் ஏற்பாடும் இடம் பெற்றது.

அம்மையார் அவ்வழியையே கைக்கொண்டார். மாதக் கடைசி நிரல் இனி எந்தக் கணக்கையும் தன்னிடம் அழைக்கவில்லை. "இந்தக் கணக்கின் பட்டியலைக் கூட்டு, சலுகையைச் சேர், முடிந்தது என்று சொல்" என்னும் ஒரு சிறு கட்டளையை எட்டுக் கணினிகளுக்கும் அனுப்பியது. ஒவ்வொரு கணினியும் தன்னிடம் குடியிருக்கும் ஏறத்தாழ 7,500 கணக்குகளைத் தானே பார்த்துக்கொண்டது. ஒரு கணக்கின்மேல் ஒரு வேலை நடக்கும்போது அடுத்த வேலை வாசலிலே வரிசையில் நின்றது. சலுகை முதலில் வந்தால் 640 என்பது 670 ஆகி, பின்பு 870 ஆகும். பணம் முதலில் வந்தால் 840 ஆகி, பின்பு 870 ஆகும். எவ்வழியாயினும் 870. 12 நிமிட வேலை ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது.

ஆனால் விருந்தாளியாகச் செல்லும் வேலைக்கும் சில ஒழுக்கங்கள் உண்டு என்பதை அம்மையார் விரைவிலேயே கற்றார்.

முதலாவது, சுருக்கமாக இருத்தல். வேலை நடக்கும் வரை வாசலில் மற்றவர் காத்திருக்கின்றனர். நினைவகச் சேமிப்புகளில் பெயர்பெற்ற ரெடிஸ், 2012 முதல் இத்தகைய சிறு நிரல்களை உள்ளே அனுமதிக்கிறது. ஆயினும், ஒரு நிரல் ஓடி முடியும் வரை அங்கே வேறெந்தக் கட்டளையும் நடவாது. விருந்துக்கு வந்தவர் கூடத்திலேயே படுத்துக்கொண்டால் வீட்டார் என் செய்வர்?

இரண்டாவது, தன் எல்லையை அறிதல். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கிற்குப் பணம் மாற்றுவதென்றால், இரண்டும் வெவ்வேறு கணினியில் குடியிருக்கலாம். ஒரு வீட்டிற்குச் சென்ற வேலையால் மற்றொரு வீட்டின் பெட்டியைத் திறக்க இயலாது. சேர்ந்தே மாறவேண்டியவற்றை முன்கூட்டியே அறிந்து ஒரே கணினியில் குடிவைக்கலாம். அறிய முடியாதவற்றைத் தரவுத்தளத்தின் பழைய காப்பு முறைகளிடமே விட்டுவிட வேண்டும். அம்மையார் பணமாற்ற வேலையை அவ்வாறே விட்டுவிட்டார்.

மூன்றாவதுதான் மிக நுட்பமானது. வேலையை முடித்த கணினி, முடிந்தது என்று சொல்லுமுன் பழுதாகிவிட்டால், அனுப்பியவர்க்கு எதுவும் தெரியாது. அவர் மீண்டும் அனுப்புவார்; மாற்றுப்படி வைத்திருக்கும் கணினி மீண்டும் செய்யும்; 30 ரிங்கிட் 60 ஆகிவிடும். இதற்கு அம்மையார் கண்ட தீர்வு, இளைஞர் கையில் இருந்த அந்தச் சீட்டுத்தான். ஒவ்வொரு வேலைக்கும் சீட்டைப் போலவே ஓர் எண்ணைக் கொடுத்தார். செய்த வேலையின் எண்ணைக் கணக்கே குறித்துவைத்துக்கொள்ளும். அதே எண் மறுபடி வந்தால், இது முன்னமே ஆயிற்று என்று வாளா இருக்கும்.

நிரல் சரியாயிற்று. தொலைந்த பணம்?

மேலாளர் அந்த இளைஞருக்கு 200 ரிங்கிட்டைக் கொடுத்து விவகாரத்தை முடித்துவிடலாம் என்றார். கேட்டு வந்தவர் அவர் ஒருவரே என்பது அவர் வாதம். அம்மையார் உடன்படவில்லை. முகப்பிலே வைத்திருந்த சீட்டு நகல் கட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கினார். கணினியில் அழிந்தது தாளில் அழியாமல் இருந்தது. ஆறு மாதத்துக் கடைசி நாள் மாலைகளின் நகல்களைக் கணக்குகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அலுவலகம் முடிந்தபின் இரவு இரவாக அந்த வேலை நடந்தது.

தொலைந்தவை 17. அவற்றுள் வாய் திறந்து கேட்டவர் ஒருவர். மற்ற 16 பேரும் வாளா இருந்துவிட்டனர். சீட்டைத் தொலைத்தவரும் இருந்திருப்பர். தாமே தவறாக எண்ணியதாக நினைத்தவரும் இருந்திருப்பர். இயந்திரம் பொய் சொல்லாது என்று எவரோ சொல்ல, அதை நம்பிப் போனவரும் இருந்திருப்பர். கணக்கு நிரலில் விழும் ஓட்டை, எப்போதும் கேட்கத் தெரியாதவர் பக்கமாகவே ஒழுகுகிறது.

மேலாளர் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார்.

இளைஞர் மறுநாள் வந்தார். 200 ரிங்கிட்டுக்குப் புதிய சீட்டு ஒன்று அவர் கையில் கொடுக்கப்பட்டது. "வரிசை பார்த்து எழுதியிருக்கிறோம், தம்பி" என்றார் அம்மையார். அதன் பொருள் இளைஞருக்கு விளங்கவில்லை. எண்ணையும் நேரத்தையும் ஒருமுறை படித்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

மற்ற 16 பேருள் 13 பேரின் கணக்கில் பணம் உடனே சேர்ந்தது. மூவர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியிருந்தனர். அவர்கள் கணக்கு மூடப்பட்டிருந்தது. வந்து பெற்றுக்கொள்ளுமாறு கடிதம் எழுதலாம் என்றார் ஒருவர். அம்மையார் அதற்கும் இசையவில்லை. பழைய விண்ணப்பத் தாள்களிலிருந்து ஊர் முகவரிகளைத் தேடியெடுத்து, அவரவர் இருக்கும் இடத்திற்கே பணம் அனுப்பி வைத்தார்.